மாத்திரை ரெண்டு பேருக்கும் தானுங்க

போன வாரம் பொழுதோட ஏழு மணி இருக்கும், கடையில கூட்டமில்ல, மொதலாளி சாப்புட ஊட்டுக்கு போயிருந்தாரு, கவுண்டர்ல நான் மட்டும் தான். ஒரு அம்மிணி வந்து ரோட்டுலயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, கடைக்குள்ள ஆம்பளைங்க யாருமில்லைன்னு நல்லா தெரிஞ்ச பொறவு தான் படி ஏறுச்சு. முப்பது வயசு கூட இருக்காது. தறிக்கு போற புள்ளைன்னு பாத்தாலே தெரிஞ்சுது, தலையில அங்கங்க பஞ்சு ஒட்டியிருந்துச்சு. "அக்கா, வெள்ளப்படறதுக்கு நாலு மாத்திரை சேந்து ஒரு அட்டை வருமே, அது குடுங்க"ன்னு எனக்கே கேக்காத மாதிரி கேட்டுச்சு. இது எத்தனாவது தடவை கண்ணுன்னேன். ஆறு மாசத்துல மூணாவதுங்க்கான்னுச்சு. ஊட்டுக்காரரு என்ன பண்றாருன்னு கேட்டேன், போர்வெல் ரிக் வண்டியில இருக்காருங்க, வடக்க தான் ஓட்டம், நோம்பிநொடிக்கு வந்துட்டு போவாரு, இப்ப பொங்கலுக்கு வந்திருக்காருன்னுச்சு. ஆடி நோம்பிக்கு வந்தாரு, தீவாளிக்கு வந்தாரு, இப்ப பொங்கலு. அந்தப்புள்ளைக்கு வெள்ளப்பட்டதும் அந்த மூணு தடவ தான். சரி, அவரு மாத்திரை ஏதாச்சும் சாப்புட்டாரான்னு கேட்டேன். என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, "அவருக்கு என்னத்துக்குங்க்கா, அவருக்கு தான் ஒண்ணுமே இல்லையே"ன்னுச்சு.

அந்த ஒரு வார்த்தைக்காக தான் இத எழுத உக்காந்தேன். ஏன்னா 2018ல நானும் ஒரு டாக்டரம்மா முன்னாடி உக்காந்துட்டு அச்சு பெசகாம இதே தான் சொன்னேன். நானு டிஃபார்ம் படிச்சவ, திருச்செங்கோட்டுக்கு பக்கத்துல ஒரு மெடிக்கல்ல பதினஞ்சு வருசமா வேலை பாக்கறேன், எந்த மாத்திரை எதுக்குன்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன், எனக்கே அது தெரியல. அப்பறம் தறிக்கு போற புள்ளைய என்ன சொல்றது.

மொதல்ல இது எந்த எடம்னு சொல்லிடறேன், நம்ம பொம்பளைங்க "அடிவயிறு", "அந்த எடம்", "உள்ள"ன்னு மூணே வார்த்தையில மொத்த ஒடம்பையும் முடிச்சுருவோம். கர்ப்பப்பை ஒரு கவுத்து வெச்ச பேரிக்கா மாதிரின்னா, அதோட கீழ்ப்பக்கம் கழுத்து மாதிரி ஒரு மூணு நாலு சென்டிமீட்டர் இருக்கும், அதான் கர்ப்பப்பை வாய், டாக்டருங்க செர்விக்ஸ்னு சொல்லுவாங்க. தொட்டா மூக்கு நுனிய தொட்ட மாதிரி இருக்கும். வெளிய இருந்து கிருமி எதுவும் மேல கர்ப்பப்பைக்கு ஏறாம வாசல்ல காவலுக்கு நிக்கறது அது தான், சளி மாதிரி ஒண்ண சுரந்து அடைச்சு வெச்சுக்கும். அந்த எடம் செவந்து வீங்கி புண்ணாட்டம் ஆகறத தான் செர்விசைட்டிஸ்ங்கறாங்க, தமிழ்ல கர்ப்பப்பை வாய் அழற்சி. காவக்காரனுக்கே மேலுக்கு முடியாம போனா என்ன ஆகும், கிருமி மேல ஏறிரும். கர்ப்பப்பை, கருக்குழாய் வரைக்கும் போய் குழாய் அடைச்சுக்கும், கொழந்தை நிக்காது, இல்லைனா கரு குழாய்லயே தங்கிரும், அது உசுருக்கே ஆபத்து. மாசமா இருக்கறப்போ இந்த கிருமி இருந்தா பொறக்கற கொழந்தைக்கு கண்ணுல சீழ் புடிக்கும், நொரையீரல்ல சளி கட்டும். இத்தனைக்கும் ஆரம்பம் என்னமோ துளியூண்டு.

இன்னொண்ணு, இது பாதி பேருக்கு மேல எந்த நோவும் காட்டாதுங்க. காட்டுனா, மஞ்சளா இல்ல பச்சையா வெள்ளப்படும், தூரமாகறதுக்கு நடுவுல கறை படும், ஊட்டுக்காரரோட சேந்ததுக்கு அப்பறம் ரத்தம் வரும், சேரும்போது உள்ள வலிக்கும், ஒண்ணுக்கு போறப்ப எரியும். இதுல எது இருந்தாலும் நம்மூருல ஒரே பதில் "சூடு". வெந்தயத்த ஊறவெச்சு குடி, சோத்துக்கத்தாழை சாப்புடு, எண்ண தேச்சு தண்ணி வாத்துக்க. எங்கம்முச்சி சொன்னதையெல்லாம் நான் தட்டுறவ இல்ல, வெந்தயம் வயித்துக்கு நல்லது தான், ஆனா க்ளமிடியாங்கற கிருமி வெந்தயத்துக்கு கட்டுப்படாது.

காரணம்னு பாத்தா பெரும்பாலும் சேர்க்கையில வர்ற கிருமிங்க தான். க்ளமிடியா, கொனோரியா, ட்ரைக்கோமோனாஸ், மைக்கோபிளாஸ்மா, அக்கி வகையறால ஹெர்ப்பீஸ் வைரஸ். கிருமியே இல்லாமயும் வரும், அத அப்பறம் சொல்றேன், ஏன்னா அதுல தான் நாம நல்லது பண்றதா நெனச்சு கெடுத்துக்கறோம்.

என் கதைக்கு வர்றேன். சின்னவனுக்கு மூணு வயசு அப்போ. நாலஞ்சு மாசமாவே வெள்ளப்பட்டுட்டு தான் இருந்துச்சு, கலர் கொஞ்சம் மஞ்சளா மாறுச்சு, ரெண்டு மூணு தடவ அவரோட சேந்ததுக்கு பொறவு நைட்டியில துளி துளியா கறை. சோலி கெடந்துச்சு, பெரியவளுக்கு பரிச்சை, மாமியாருக்கு மூட்டு வலி, என்னத்த டாக்டர்ட்ட போறதுன்னு விட்டுட்டேன். கடையில இருந்தே அந்த நாலு மாத்திரை அட்டைய எடுத்து நானே சாப்புட்டேன். அந்த அட்டையில என்ன இருக்குன்னா பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல் ஒண்ணு, அசித்ரோமைசின் ஒண்ணு, செக்னிடசோல் ரெண்டு. எது நோவுன்னு தெரியாம எல்லாத்தையும் ஒரே கல்லுல அடிக்கற மாதிரி. அதோட நிறுத்தாம தெனமும் ராத்திரி வெதுவெதுன்னு தண்ணியில ஆண்டிசெப்டிக் லோஷன் ரெண்டு மூடி ஊத்தி உள்ள வரைக்கும் அடிச்சு கழுவுனேன். எரிஞ்சுது. எரிஞ்சா கிருமி சாகுதுன்னு நெனச்சுக்கிட்டேன். மூணு வாரம் நல்லா இருந்துச்சு, மறுக்கா வந்துருச்சு, முன்னைக்கு எச்சாவே வந்துச்சு.

பொறவு ஈரோட்டுல ஒரு லேடி டாக்டர்ட்ட போனேன். வயசான அம்மா, நெத்தி நெறைய திருநீறு. மேஜையில படுத்து காலு ரெண்டையும் தூக்கி வெக்க சொல்லறப்பவே எனக்கு அழுகை முட்டிட்டு வந்துருச்சு, ரெண்டு கொழந்தை பெத்தவ தான், ஆனாலும் அந்த மேஜை அந்த மேஜை தான். மேல ஃபேன் ஓடறதையே பாத்துட்டு இருந்தேன். அந்தம்மா ஸ்பெகுலத்த, அதான் உள்ள விரிச்சு பாக்கற கருவி, வெந்நீர்ல கொஞ்சம் காட்டி சூடாக்கி, இப்ப வெக்கறேன் கண்ணு, மூச்ச நல்லா விடுன்னு சொல்லிட்டு தான் வெச்சாங்க. அப்பறம் ஒரு நீள குச்சியில பஞ்சு சுத்துனது, காதுக்கு போடறமே அது மாதிரி பெருசு, அத வாய் துவாரத்துல வெச்சு ஒரு சுத்து சுத்தி எடுத்து லைட்டுக்கு நேரா என்கிட்டயே காட்டுனாங்க. வெள்ள பஞ்சு பருப்புத்தண்ணி கலருக்கு மாறியிருந்துச்சு. அப்பறம் அந்த பஞ்சு பட்ட எடத்துல ரத்தம் கசியுதுன்னாங்க. இந்த ரெண்டும் தான் அடையாளமாம், பஞ்சுல மஞ்ச சளி வர்றது, லேசா தொட்டாலே ரத்தம் வர்றது. டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, க்ளமிடியான்னு வந்துச்சு.

மறுநாள் சீட்டு எழுதறப்போ டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏழு நாள்னு எழுதிட்டு, கீழ கோடு போட்டு என்ற ஊட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டு அவருக்கும் அதையே எழுதுனாங்க. அப்பதான் நான் சொன்னேன், அவருக்கு ஒண்ணுமில்லீங்களேன்னு. அந்தம்மா பேனாவ மூடி வெச்சுட்டு என்னைய பாத்து, உனக்கு மட்டும் குடுத்தா இது மாத்திரை இல்ல கண்ணு, வாய்தா, அடுத்த தடவ நீ அவரோட சேர்ற வரைக்கும் தான்னாங்க.

அந்த வார்த்தை எனக்கு இன்னும் மறக்கல. ஆம்பளைங்கள்ல பாதி பேருக்கு க்ளமிடியா இருந்தாலும் எரிச்சல் இருக்காது, சீழ் இருக்காது, ஆனா கிருமி இருக்கும். பொம்பள மாத்திரை சாப்புட்டு சுத்தமாகறா, அவருகிட்ட இருந்து மறுக்கா வாங்கிக்கறா, மறுக்கா மெடிக்கலுக்கு வர்றா. எங்க கடைக்கு வர்ற சனத்துல இந்த சுத்து சுத்தறவங்க எத்தன பேருன்னு நான் இப்ப தான் கவனிக்கறேன். ரெண்டு பேரும் ஒரே சமயத்துல சாப்புடோணும், ரெண்டு பேரும் ஏழு நாள் முடிக்கற வரைக்கும் சேரக்கூடாது, மூணு மாசம் கழிச்சு மறுக்கா ஒருக்கா டெஸ்ட் பண்ணி பாக்கோணும். மாசமா இருக்கறவங்களுக்கு டாக்ஸிசைக்ளின் ஆகாது, அவங்களுக்கு அசித்ரோமைசின் குடுப்பாங்க, அதுனால தான் மாசமா இருக்கறத டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லோணும்.

ஊட்டுக்கு வந்து அவருகிட்ட சொன்னது தான் எனக்கு அந்த மேஜைய விட கஷ்டமா இருந்துச்சு. "என்னைய சந்தேகப்படறியா"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் பேசல. உள்ளுக்குள்ள சந்தேகம் இருந்துச்சு தான், பொய் சொல்லல. அவருக்கும் என் மேல இருந்திருக்கும். ரெண்டு நாள் ஊட்டுல பேச்சே இல்ல, அரிசிம்பருப்பு ஆக்கி வெச்சது ஆறிப்போய் கெடந்துச்சு. மூணாவது நாள் ரெண்டு பேரும் சேந்தே அந்தம்மாகிட்ட போனோம். அவங்க சொன்னது இது தான், இந்த கிருமி சத்தமில்லாம மாசக்கணக்கா ஏன் வருசக்கணக்கா கூட இருக்கும், யாருகிட்ட இருந்து யாருக்கு எப்ப வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது, அத தேடிட்டு இருந்தீங்கன்னா குடும்பம் போயிரும் கிருமி போகாது. அவரு அன்னைக்கு ராத்திரியே மாத்திரை போட்டாரு. யாருகிட்ட இருந்துங்கற கேள்விய நாங்க ரெண்டு பேருமே அதுக்கப்பறம் கேட்டுக்கல. சில ஊட்டுல அத கேட்டே ஆகோணும்ங்கற நெலமை இருக்கும், அது எனக்கு தெரியும், ஆனா கேள்விய மாத்திரை முடிஞ்ச பொறவு கேளுங்க.

இந்த ரெண்டு பேருக்கும் வைத்தியம்ங்கற விசயத்துல புதுசா ஒண்ணு வந்திருக்குங்க. பாக்டீரியல் வெஜினோசிஸ்னு ஒண்ணு, மீன் நாத்தம் அடிக்கற மாதிரி வெள்ளப்படும், அது இருந்தாலும் செர்விக்ஸ் புண்ணாகும், மத்த கிருமிங்க ஏறறதும் சுலபமாகிரும். அதுக்கு ஊட்டுக்காரருக்கு வைத்தியம் வேண்டியதில்லைன்னு தான் எங்களுக்கும் சொல்லி குடுத்தாங்க, இத்தன வருசமும் அப்படித்தான். 2025 மார்ச்ல ஆஸ்திரேலியாக்காரங்க ஒரு ஆராய்ச்சிய வெளியிட்டாங்க, பொம்பளைக்கு மட்டும் வைத்தியம் பண்ணுனதுல பன்னெண்டு வாரத்துக்குள்ள 63 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துருச்சாம், ஆம்பளைக்கும் சேத்து மாத்திரையும் களிம்பும் குடுத்ததுல 35 சதவீதம் தான். இத படிச்சப்போ எனக்கு கோவம் தான் வந்துச்சு, இத்தன வருசம் எத்தன பொம்பளைங்க தன்ற ஒடம்பு தான் சுத்தமில்லைன்னு நெனச்சு வெசனப்பட்டிருப்பாங்க.

எங்கூரு மலை மேல சாமி பாதி ஆம்பள பாதி பொம்பளையா ஒரே ஒடம்பா நிக்கறாரு. வைகாசியில தேருக்கு சுத்துப்பட்டு அத்தன சனமும் புருசன் பொண்டாட்டியா வந்து கும்புட்டுட்டு போறாங்க. மாத்திரைன்னு வந்தா மட்டும் ஒரு பாதிக்கு தான் வாங்கிட்டு போறாங்க.

இப்ப கழுவறத பத்தி. இத நான் கொஞ்சம் அழுத்தி சொல்லோணும், ஏன்னா நானே பண்ணுன தப்பு. பொறப்புறுப்போட உள்பக்கம் தானாவே புளிப்பா இருக்கும், பிஹெச் 3.8ல இருந்து 4.5 வரைக்கும், கிட்டத்தட்ட மோர் புளிப்புன்னு வெச்சுக்கங்களேன். லாக்டோபாசிலஸ்னு நல்ல பாக்டீரியா, தயிர ஒறைய வெக்கற சாதிசனம் தான், அது லாக்டிக் ஆசிட்ட சுரந்து அந்த புளிப்ப வெச்சிருக்கும், அந்த புளிப்புல கெட்ட கிருமி தங்காது. லோஷன், சோப்பு, வாசனை திரவம், வெஜைனல் வாஷ்னு விக்கறத உள்ள வரைக்கும் ஊத்துனா மொத சாகறது அந்த நல்லது தான். அது போனா கெட்டதுக்கு வாசல் தொறந்து விட்ட மாதிரி. போதாததுக்கு அந்த லோஷனே செர்விக்ஸோட தோல அரிச்சு புண்ணாக்கும், கிருமியே இல்லாம வர்ற செர்விசைட்டிஸ்னு சொன்னேனே அது இது தான். வெளிப்பக்கம் வெறும் தண்ணி போதும். உள்ள கைய வெச்சு கழுவவே வேண்டாம், அது தானா கழுவிக்கும். மோர்னு சொன்னேன்னு தயிர எடுத்து உள்ள தடவறதும் வேண்டாங்க, ஒரு அக்கா நெஜமாவே கேட்டாங்க, அதுக்காக சொல்றேன்.

காண்டம் பத்தி எழுதாம இத முடிக்க முடியாது. செர்விக்ஸுக்கு கிருமி வராம தடுக்கறதுல நம்ம கைக்கு எட்டுன ஒரே வேலி அது தான். 1968லயே நம்ம கவர்மெண்ட்டு நிரோத் கொண்டு வந்துச்சு, இன்னைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே குடுக்கறாங்க. ஆனா நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னா, ரெண்டாவது கொழந்தை பொறந்ததும் பொம்பளைக்கு குடும்பக்கட்டுப்பாடு ஆப்ரேஷன், அன்னையோட காண்டம்ங்கற பேச்சே ஊட்டுல இருந்து போயிருது. கொழந்தைய தடுக்கத்தான் ஆப்ரேஷன், கிருமிய அது தடுக்காதுன்னு யாரும் சொல்லி அனுப்பறதில்ல. ரிக் வண்டி, லாரின்னு மாசக்கணக்குல வெளிய இருக்கற ஆம்பளைங்க இருக்கற ஊருங்க இது, எல்லாரையும் ஒரே மாதிரி சொல்லல, என்ற அண்ணனும் லாரி ஓட்டுறவரு தான், ஆனா நாமக்கல் மாவட்டம்னாலே எய்ட்ஸ்னு பேசுன ஒரு காலம் இருந்துச்சு. அப்ப செவுரெல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா"ன்னு வெளம்பரம் எழுதியிருக்கும், நாங்கெல்லாம் காலேஜ் புள்ளைங்க, தல குனிஞ்சுட்டு அத படிச்சுட்டே போவோம். அந்த பயத்துல தான் லாரி பட்டறையில, டீக்கடையில எல்லாம் வெக்கமில்லாம காண்டம் பத்தி பேசுனாங்க, சனம் மாறுச்சு. எய்ட்ஸ் பயம் கொறஞ்சதும் பேச்சும் நின்னு போச்சு. க்ளமிடியாவுக்கு செவுத்துல எழுதற ஆளு யாருமில்ல. பிரிஞ்சு இருந்துட்டு வந்தா ரெண்டு பேரும் டெஸ்ட் பண்ற வரைக்கும் காண்டம் போட்டுக்கறது யாரையும் அவமானப்படுத்தறது ஆகாது. சில பேருக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒத்துக்காம அரிப்பு, எரிச்சல் வரும், அவங்களுக்கு லேடெக்ஸ் இல்லாததும் கெடைக்குது, மெடிக்கல்ல கேளுங்க.

காப்பர் டீ போடறவங்க, போடறதுக்கு முன்னாடி செர்விக்ஸ்ல கிருமி இல்லைன்னு பாத்துட்டு போடறது ரொம்ப முக்கியம். ஏற்கனவே புண்ணு இருந்து போட்டா கிருமி மேல ஏறற ஆபத்து மொத மூணு வாரத்துல தான் எச்சா. மத்தபடி காப்பர் டீ மேல நம்மூர்ல சொல்ற பழி பாதிக்கு மேல சும்மா.

துணி, நாப்கின். திருப்பூர் பக்கம் பனியன் வேஸ்ட்ட வாங்கிட்டு வந்து மடிச்சு வெக்கற பொம்பளைங்க இன்னும் இருக்காங்க, துணி வெக்கறது தப்பில்ல, நல்லா தொவைச்சு வெயில்ல காய வெச்சா போதும், ஆம்பளைங்க கண்ணுல படக்கூடாதுன்னு பொடவைக்கு அடியில நெழல்ல காய போடறது தான் தப்பு. நம்ம கோயமுத்தூர் முருகானந்தம் கொறஞ்ச வெலையில நாப்கின் மிசின் செஞ்சு 2016ல பத்மஸ்ரீ வாங்குனவரு, அவரால தான் இந்தப் பேச்சே வெளிய வந்துச்சுன்னு நான் சொல்லுவேன். நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தோணும், டேம்பான் வெச்சா எட்டு மணி நேரத்துக்கு மேல வெக்கக்கூடாது, உள்ள மறந்து விட்டா அதுவே செர்விக்ஸ புண்ணாக்கும். காட்டன் உள்ளாடை, முன்னாடி இருந்து பின்னாடி தொடைக்கறது இதெல்லாம் நல்லது தான், பண்ணுங்க. ஆனா நெறைய எடத்துல இத மட்டும் எழுதிட்டு செர்விக்ஸ் பிரச்சனை வராதுன்னு முடிச்சுடறாங்க, எனக்கு அது புடிக்கறதில்ல, ஏன்னா அப்ப வந்தவ எல்லாம் சுத்தமில்லாதவன்னு ஆகுது. ஆம்பளைக்கு வைத்தியம் பாக்காம நீங்க எத்தன காட்டன் போட்டும் பிரயோசனமில்ல.

வயசு சின்னதா இருந்தா இது சீக்கிரம் புடிச்சுக்கும், இதுவும் தெரிஞ்சுக்கங்க. பதினஞ்சு பதினாறு வயசுல செர்விக்ஸோட உள்பக்க மெல்லுசு தோலு வெளிப்பக்கமா நீட்டிட்டு இருக்கும், க்ளமிடியா புடிக்கறது அந்த தோல தான். பதினெட்டு முடியறதுக்கு முன்னாடியே நல்ல எடம்னு கட்டி குடுக்கற ஊருங்க நம்ம பக்கமும் இருக்கு, அந்தப்புள்ளைக்கு என்ன ஆகுதுன்னு யாரு பாக்கறா.

அந்த மெல்லுசு தோலப் பத்தி சொல்லறப்ப எங்க சின்னம்மா கதைய சொல்லியே ஆகோணும். அவங்களுக்கு 34 வயசு. வெள்ளப்படுதுன்னு போனாங்க. பாத்துட்டு எரோஷன், கர்ப்பப்பை வாயில புண்ணு, விட்டா கேன்சர் ஆயிரும்னு சொல்லி கர்ப்பப்பையயும் சினைப்பையயும் சேத்தே எடுத்துட்டாங்க. சித்தப்பா பத்து பவுன அடமானம் வெச்சாரு. எடுத்த நாள்ல இருந்து அவங்களுக்கு ஒடம்பெல்லாம் தீயா எரியும், மார்கழி குளுருலயும் ஃபேன் போடுன்னு கத்துவாங்க, சினைப்பை போனா அந்த வயசுலயே தூரம் நின்னவங்க ஒடம்பு மாதிரி ஆயிரும், எலும்பு தேயும்னு அப்ப யாரும் சொல்லல. நான் படிச்சு வந்த பொறவு தான் எரோஷன்னா என்னன்னு தெரிஞ்சுது. உள்பக்க செவப்பு தோலு வெளிய தெரியறது, அவ்வளவு தான், எக்ட்ரோபியான்னு இப்ப சொல்றாங்க, மாசமா இருக்கறப்ப, கருத்தடை மாத்திரை சாப்புடறப்ப, சின்ன வயசுல சாதாரணமா இருக்கும். பாத்தா புண்ணு மாதிரி செவப்பா இருக்கும், புண்ணு இல்ல. எங்க சின்னம்மாவுக்கு டெஸ்ட்டுன்னு ஒண்ணு கூட பண்ணல. காசுக்காக தேவையில்லாம கர்ப்பப்பைய எடுக்கறத பத்தி ஒரு கேசு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, அத தடுக்கற மத்திய அரசு விதிமுறைய எல்லா மாநிலமும் மூணு மாசத்துல நடைமுறைக்கு கொண்டு வரோணும்னு 2023ல சொன்னாங்க. சின்னம்மாகிட்ட அந்த சேதிய படிச்சு காட்டுனேன். கேட்டுட்டு கம்முனு எந்திரிச்சு தொண்டுபட்டிக்கு மாட்டுக்கு தண்ணி காட்ட போயிட்டாங்க.

அதுனால யாராச்சும் புண்ணு, எடுத்துரலாம்னு சொன்னா, என்ன டெஸ்ட் பண்ணுனீங்க, கிருமி இருக்கா, கேன்சருக்கு பாக்கற பாப் ஸ்மியர் இல்ல ஹெச்பிவி டெஸ்ட் பண்ணுனீங்களான்னு கேளுங்க, வேற ஒரு டாக்டர்ட்டயும் ஒருக்கா காட்டுங்க. அதே சமயம் சேந்ததுக்கு பொறவு ரத்தம் வந்தா வெறும் புண்ணு தான்னு நீங்களா முடிவு பண்ணிக்காதீங்க, கேன்சருக்கும் அதே அறிகுறி தான். முப்பது வயசுக்கு மேல இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துலயே அசிட்டிக் ஆசிட் டெஸ்ட் காசில்லாம பண்றாங்க, வினிகர் மாதிரி ஒரு தண்ணிய செர்விக்ஸ்ல தடவி ஒரு நிமிசம் பொறுத்து பாப்பாங்க, மாறுன எடம் வெள்ளையா தெரியும். இந்த டெஸ்ட்டு உசுர காப்பாத்துதான்னு கண்டுபுடிச்சதே நமக்கு பக்கத்துல தான், ஒட்டஞ்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில இருந்து திண்டுக்கல் மாவட்டத்து கிராமம் கிராமமா 2000ல ஆரம்பிச்சாங்க, டெஸ்ட் பண்ணுனவங்க நர்ஸம்மாங்க, ஒரே ஒரு தடவ பண்ணுனதுக்கே கேன்சர் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் கொறஞ்சுதுன்னு 2007ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிக்கையில வந்துச்சு. அப்படி பாக்கறப்பவே அழற்சி இருந்தா நர்ஸம்மா கண்ணுல பட்டுரும்.

தனியார் டாக்டருக்கு காசில்லைன்னா பெரியாஸ்பத்திரியில சுகவாழ்வு மையம்னு ஒண்ணு இருக்கும், பால்வினை நோய்க்குன்னே. மாத்திரை கலர் கலரா கிட்டா வெச்சிருப்பாங்க, செர்விசைட்டிஸுக்கு சாம்பல் கலர் கிட்டுன்னு தான் நாங்க படிச்சோம், ஊட்டுக்காரருக்கும் சேத்தே குடுப்பாங்க, காசு வாங்க மாட்டாங்க. அந்த போர்ட பாத்துட்டு உள்ள போக கூச்சமா இருக்கும், எனக்கு புரியுது. கூட ஒரு அக்காவோ நங்கையாளோ போனா பாதி பயம் போயிரும்.

அந்தப்புள்ளைக்கு அன்னைக்கு நான் அட்டைய குடுக்கல. டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக்கூடாத மருந்து தான் அது, நாங்களே குடுத்து பழக்கிட்டோம். இங்க என்ன கதைய எழுதியிருக்கேனோ அதையே தான் அதுகிட்ட நின்னுட்டே சொன்னேன், ஒரு கால் மணி நேரம், நடுவுல ஒரு அண்ணன் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்து போனாரு, அவரு போற வரைக்கும் ரெண்டு பேரும் கம்முனு இருந்தோம். டாக்டரம்மா அட்ரஸ ஒரு கவர் மேல எழுதி குடுத்தேன். போகாதுன்னு தான் நெனச்சேன்.

நேத்து வந்துச்சு. சீட்டுல ரெண்டு பேரு பேரும் இருந்துச்சு. ஊட்டுக்காரரு வெளிய வண்டியிலயே உக்காந்திருந்தாரு, உள்ள வரல, திங்கக்கெழமை ராத்திரி வடக்க கெளம்பறாராம், மாத்திரைய வண்டியில தான் சாப்புடோணும். ரெண்டு கவர்லயும் தனித்தனியா போட்டு குடுத்தேன். அவரு கவர் மேல பெரிய எழுத்துல எழுதுனேன், சாப்புட்டுட்டு போடோணும், ஒரு சொம்பு தண்ணி குடிக்கோணும், போட்டதும் படுக்கக்கூடாது, பாலோட போடக்கூடாது, வெயில்ல நிக்கறப்ப தலைக்கும் கைக்கும் துண்டு போத்திக்கோணும், ஏன்னா டாக்ஸிசைக்ளின் சாப்புட்டா வெயிலு தோல பொசுக்கும், அவரு நாளெல்லாம் ரிக்குக்கு பக்கத்துல வெயில்ல நிக்கறவரு. அந்தப்புள்ளைக்கு சத்து மாத்திரை சாப்புடறயான்னு கேட்டேன், ஆமாங்க்கான்னுச்சு, இரும்பு சத்து மாத்திரையும் இதையும் ஒண்ணா போடக்கூடாது, சத்து மாத்திரைய மத்தியானத்துக்கு மாத்திக்கன்னு சொன்னேன். கவர ரெண்டையும் பையில போட்டுட்டு படி எறங்கி போய், அவரு கவர அவரு சட்டப்பையிலயே வெச்சுட்டு வண்டியில ஏறுச்சு.